லக்ஸ் டிஸ்க் திறக்கிறது, ஆனால் கோப்புகள் வேறு ஆளுக்குத் திறக்கின்றன

காவிரிக்கரை | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் தருகிறேன். நாலு பேர் வேலை செய்கிற சின்ன இடம். போன வார இடி மழையில் பழைய சர்வரின் மதர்போர்டு போய்விட்டது, சிஸ்டம் இருந்த எஸ்எஸ்டியும் அதோடு போனது. டேட்டா வைத்திருந்த 4 டிபி டிஸ்க் மட்டும் தப்பியது. அது முழுக்க லக்ஸ் (லினக்ஸில் டிஸ்கை மறையாக்கம் செய்து பூட்டும் முறை) போட்டுப் பூட்டியது, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4.

புது மெஷினில் உபுண்டு 24.04 போட்டு, என்னோடு சேர்த்து ஐந்து கணக்கு உருவாக்கினேன். டிஸ்கை மாட்டி கிரிப்ட்செட்டப் ஓப்பன் கொடுத்தேன். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, மவுண்டும் ஆனது. ஒரு கோப்புகூடப் போகவில்லை. அந்த நிம்மதியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த தம்பி தனியாக வந்து, "அண்ணா, சம்பளம்னு ஒரு ஃபோல்டர் எனக்குத் திறக்குது. நான் பாக்கலாமா?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது கணக்குப் பார்க்கிற அக்காவின் ஃபோல்டர். பழைய சர்வரில் 700 அனுமதி கொடுத்து, அவரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி வைத்திருந்தேன். இப்போது அக்காவுக்கு அது திறக்கவில்லை, தம்பிக்குத் திறக்கிறது.

அவர் நேர்மையாகச் சொன்னதால் தெரிந்தது. டிஸ்கைப் பூட்டிவைத்தும் இது எப்படி நடந்தது? இப்போதைக்கு அன்மவுண்ட் செய்து மூடிவிட்டேன். அலுவலகம் வேலை இல்லாமல் நிற்கிறது. வழி சொல்லுங்கள்.

கருந்திரை | திங்கள், இரவு 9:40

முதலில் மூடினீர்களே, அதுதான் சரியான காரியம்.

லக்ஸ் காப்பது மெஷின் அணைந்து கிடக்கும்போது. டிஸ்க் திருட்டுப் போனாலும், பழுது பார்க்கக் கொடுத்தாலும், வெளியே யாரும் படிக்க முடியாது. ஆனால் சாவி கொடுத்துத் திறந்தாயிற்று என்றால், கெர்னலுக்கு அது மற்ற டிஸ்க்குகளைப் போல ஒரு டிஸ்க், அவ்வளவுதான். அப்புறம் யார் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது ஃபைல் சிஸ்டம். ஈஎக்ஸ்டி4க்கு உங்கள் அக்காவின் பெயர் தெரியாது. ஒவ்வொரு கோப்பின் ஐநோடிலும் (கோப்பின் விவரக் குறிப்பு) அது எழுதி வைத்திருப்பது ஓர் எண் மட்டும்: யூஐடி, அதாவது பயனர் எண். அந்த எண் யாருடையது என்கிற விவரம் ஈடிசி ஃபோல்டரின் பாஸ்வேர்டு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு பழைய எஸ்எஸ்டியோடு போய்விட்டது.

உபுண்டுவில் சாதாரணப் பயனர்களுக்கு எண் 1000இல் தொடங்கி வரிசையாக ஏறும். பழைய மெஷினில் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த வரிசை ஒன்று. புது மெஷினில் நீங்கள் உருவாக்கிய வரிசை வேறு. அக்காவின் பழைய எண் இப்போது தம்பியிடம் இருக்கிறது.

கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கைத் தவிர யாரும் நுழைய முடியாத, 700 அனுமதி உள்ள ஒரு ஃபோல்டருக்குள் டிஸ்கை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள். பிறகு "எல்எஸ் மைனஸ் எல்என்". அந்த என் எழுத்து முக்கியம், அது போட்டால்தான் பெயருக்குப் பதில் எண் காட்டும். இந்தப் பக்கம் "கெட்என்ட் பாஸ்வேர்டு" (தட்டும்போது ஓ, ஆர் எழுத்துகள் இல்லாமல்) கொடுத்து இப்போதைய எண்களை எடுங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள்.

பச்சைப்புறா | திங்கள், இரவு 9:51

அலுவலகம் நிற்கிறது என்கிறீர்கள். இப்போதைக்கு சிஹெச்மாட் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) எல்லாவற்றுக்கும் போட்டு ஓட்டுங்கள், நிதானமாக அப்புறம் சரி செய்யலாம்.

கருந்திரை | திங்கள், இரவு 9:58

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 777 போட்டால் எந்தக் கோப்புக்கு 700 இருந்தது, எதற்கு 640 இருந்தது என்கிற விவரமே அழிந்துவிடும். இன்று தொலைந்திருப்பது எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு மட்டும், அதைத் திரும்பக் கட்டலாம். லட்சக்கணக்கான கோப்புகளின் அனுமதிகளை யார் நினைவிலிருந்து எழுதுவது? அது ஆடிட்டர் அலுவலகம் வேறு. ஊர்க்காரர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ளே இருக்கும்.

பச்சைப்புறா | திங்கள், இரவு 10:03

சரி, புரிகிறது. என் வீட்டு மெஷினில் செய்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டேன். காவிரிக்கரை, அதைச் செய்ய வேண்டாம்.

காவிரிக்கரை | திங்கள், இரவு 10:35

எடுத்துவிட்டேன். டிஸ்கில் ஃபோல்டர்களின் மேல் இருக்கும் எண்கள்: 1000 நான், 1001 ஆடிட்டர் ஐயா, 1002 சம்பளம், 1003 போன வருடம் வேலையை விட்டுப் போன ஒருவரின் ஃபோல்டர், 1004 ஆர்ட்டிகிள் (ஆடிட்டர் பயிற்சி) படிக்கிற பெண். உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்துத்தான் யாருடையது என்று கண்டுபிடித்தேன்.

புது மெஷினில்: 1000 நான், 1001 ஐயா, 1002 புதுத் தம்பி, 1003 அக்கா, 1004 அந்தப் பெண்.

ஆக, அக்காவுக்கு இப்போது வேலையை விட்டுப் போனவரின் கோப்புகள் திறக்கின்றன. இதை அவர் கவனிக்கவே இல்லை. என்ன கட்டளை கொடுப்பது? ஃபைண்ட் போட்டு 1002 எல்லாவற்றையும் 1003 என்று சிஹெச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்துவிடவா?

தேரடி | திங்கள், இரவு 10:49

நில்லுங்கள்! அந்தக் கட்டளையை என்டர் தட்டினால் திரும்ப முடியாது. 1003 என்ற எண்ணில் ஏற்கனவே விலகிப் போனவரின் கோப்புகள் இருக்கின்றன. அக்காவின் கோப்புகளையும் 1003 ஆக்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்த பிறகு எது யாருடையது என்று யூஐடியை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்படியே செய்வதாக இருந்தாலும் கடைசியில் இருந்து தொடங்க வேண்டும். முதலில் 1003ஐ யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு நகர்த்தி, அந்த இடம் காலியான பிறகுதான் 1002ஐ 1003க்குக் கொண்டுவரலாம். இரண்டு பேர் எண்கள் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் நடுவில் ஒரு தற்காலிக எண் வேண்டும். 100000க்கு மேல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

கருந்திரை | திங்கள், இரவு 11:05

தேரடி சொன்ன வரிசை சரி. ஒரு திருத்தம்: 100000க்கு மேலே போக வேண்டாம். ஈடிசியில் சப்யூஐடி என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். உபுண்டு முதல் பயனருக்கு 100000 முதல் 65536 எண்களை ஒதுக்கி வைத்திருக்கும், அடுத்தவருக்கு 165536 முதல். பாட்மேன் போன்ற கண்டெய்னர் மென்பொருள்கள் அந்த எண்களைத்தான் பயன்படுத்தும். தற்காலிக எண் வேண்டுமானால் 50000 பக்கம் எடுங்கள்.

ஆனால் இந்த இடத்தில் டிஸ்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. டிஸ்கில் பல வருட வேலை இருக்கிறது. புது மெஷினுக்கு ஒரு நாள்தான் வயது. மாற வேண்டியது புது மெஷின். டிஸ்கில் உள்ள எண்கள் சரியானவை என்று வைத்துக்கொண்டு, ஆட்களின் எண்ணை அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிஹெச்ஓன் செய்தால் ஒவ்வொரு கோப்பின் சிடைமும் (கோப்போ அதன் விவரமோ கடைசியாக மாறிய நேரம்) மாறும். போர்க் வைத்து பேக்கப் எடுப்பவர்களுக்கு, அது இயல்பாகவே சிடைமைப் பார்ப்பதால், அடுத்த பேக்கப்பில் அந்தக் கோப்புகளை எல்லாம் முதலிலிருந்து படிக்கும். ஏசிஎல் (ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுக்கும் அனுமதிப் பட்டியல்) போட்டிருந்தால் அதற்குள்ளும் எண்கள்தான் இருக்கும், அதை சிஹெச்ஓன் தொடாது. ஆட்களை மாற்றினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

செய்ய வேண்டியது இது. எல்லாரும் லாக்-அவுட் ஆகியிருக்க வேண்டும், அந்த ஆளின் பிராசஸ் ஒன்று ஓடினாலும் யூசர்மாட் மறுத்துவிடும். முதலில் தம்பியை 1005க்கு: "யூசர்மாட் மைனஸ் யூ 1005". அவர் குரூப்பையும் "குரூப்மாட் மைனஸ் ஜி 1005". அடுத்து அக்காவை 1003இல் இருந்து 1002க்கு, இதே இரண்டு கட்டளை. யூசர்மாட் அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளின் உரிமையைத் தானே மாற்றிவிடும். குரூப்மாட் அப்படிச் செய்யாது. ஆகவே ஹோமில் பழைய ஜிஐடி (குரூப் எண்) உள்ளவற்றை ஃபைண்ட் வைத்துத் தேடி சிஹெச்ஜிஆர்பி கொடுக்க வேண்டும். கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியல்) வைத்திருந்தால் அந்தக் கோப்பையும் கையால் மாற்றுங்கள்.

கடைசியாக 1003. அதைக் காலியாக விடாதீர்கள். லாகின் செய்ய முடியாத ஒரு கணக்கை உருவாக்கி அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் சேரும் ஒருவருக்கு அந்த எண் தானாக விழுந்து, இதே கதை மறுபடி நடக்கும்.

காவிரிக்கரை | திங்கள், இரவு 11:20

ஆட்களை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோப்புகள் பக்கம்தான் மனசு போனது. நாளைக் காலை எல்லாரும் வருவதற்கு முன் செய்கிறேன்.

வைகைமணல் | செவ்வாய், காலை 6:30

என் கேள்வியும் இதோடு ஒட்டியது. என்னிடம் ஒரு லக்ஸ் டிஸ்க் உண்டு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மாறி மாறி எடுத்துப் போவேன். வீட்டில் நான் 1000, அலுவலகத்தில் நான் 1004. அலுவலக மெஷினில் எண்ணை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு தடவையும் சிஹெச்ஓன் செய்வது கொடுமையாக இருக்கிறது.

கருந்திரை | செவ்வாய், காலை 7:15

உங்களுக்கு ஏற்றது ஐடி-மேப்டு மவுண்ட். லினக்ஸ் கெர்னல் 5.12இல், 2021இல், வந்தது. டிஸ்கில் இருக்கிற எண் அப்படியே இருக்கும். மவுண்ட் செய்யும்போது மட்டும், "அங்கே 1000 என்றால் இங்கே 1004" என்று கெர்னலிடம் சொல்கிறோம். யூடில்-லினக்ஸ் 2.39 முதல் மவுண்ட் கட்டளையிலேயே அதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது: "எக்ஸ்-மவுண்ட் டாட் ஐடிமேப்", அதன் பின் பி, 1000, 1004, 1 என்று முக்காற்புள்ளி வைத்துப் பிரித்து எழுத வேண்டும். பி என்றால் யூஐடி, ஜிஐடி இரண்டுக்கும். கடைசி 1 என்பது எத்தனை எண்கள் என்பது. உபுண்டு 24.04இல் இது இருக்கிறது. டெபியன் 12இல் கெர்னல் போதும், ஆனால் மவுண்ட் கட்டளை பழையது.

கவனிக்க வேண்டியது: நீங்கள் பட்டியலில் சொல்லாத எண்கள் எல்லாம் 65534, அதாவது நோபடி என்று தெரியும். டிஸ்கில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் இருந்தால் 0வையும் சேர்த்துச் சொல்லுங்கள். மவுண்ட் செய்ய ரூட் உரிமை வேண்டும், அதற்கு அலுவலக நிர்வாகியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

மலைச்சாரல் | செவ்வாய், காலை 8:02

நான் விண்டோஸ் பக்கம் வேலை செய்பவள். இதைப் படிக்கும்போது ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் கோப்பில் எழுதி வைத்திருப்பதும் பெயர் அல்ல, எஸ்ஐடி என்கிற நீண்ட எண். ஆனால் அந்த எண்ணுக்குள் மெஷினின் அடையாளமும் சேர்ந்திருக்கும். அதனால் பிட்லாக்கர் (லக்ஸ் போன்ற விண்டோஸ் பூட்டு) போட்ட டிஸ்கை வேறு மெஷினில் மாட்டினால் பழைய பயனர் "அறியப்படாத கணக்கு" என்று நிற்பார், கோப்பு யாருக்கும் திறக்காது. லினக்ஸில் எண் சின்னது என்பதால் வேறு ஒருவருக்குப் பொருந்திவிடுகிறது. விண்டோஸில் திறக்காததால் உடனே தெரிந்துவிடும். லினக்ஸில் தவறான ஆளுக்குத் திறப்பதால் தெரியாமலே போகலாம். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு எல்லா மெஷினிலும் ஒரே எஸ்ஐடிதான், அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

எங்களுக்கு இருக்கிற வழி ஐகேக்ல்ஸ் என்ற கட்டளை. "சேவ்" கொடுத்து அனுமதிகளை ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு, "ரீஸ்டோர்" கொடுக்கும்போது "சப்ஸ்டிட்யூட்" என்று போட்டு பழைய எஸ்ஐடி, புது எஸ்ஐடி இரண்டையும் எழுதினால் மாற்றிவைக்கும். டேக்ஓன் (உரிமையைத் தன் பெயருக்கு மாற்றும் கட்டளை) போட்டு எல்லாவற்றையும் பிடுங்குபவர்கள் அதிகம். அதற்கு முன் இதை முயற்சி செய்யுங்கள்.

இன்னொன்று. காவிரிக்கரை, உங்கள் டிஸ்கின் சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சிப்பில் மட்டும் இருந்திருந்தால் மதர்போர்டோடு எல்லாம் போயிருக்கும். பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் "மேனேஜ்-பிடிஇ மைனஸ் புரொடெக்டர்ஸ் மைனஸ் கெட்" கொடுத்து, அந்த 48 இலக்க மீட்புச் சாவியை இன்றைக்கே காகிதத்தில் எடுத்துவையுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். அதை அதே டிஸ்கில் சேமித்துவிட்டு என்னிடம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேரடி | செவ்வாய், காலை 8:30

காவிரிக்கரை, விலகிப் போனவர் என்று ஒருவரைச் சொன்னீர்களே, அவருக்கு லக்ஸ் பாஸ்வேர்டு தெரியுமா?

காவிரிக்கரை | செவ்வாய், காலை 9:05

தெரியும். எனக்கு முன்னால் அவர்தான் சர்வரைப் பார்த்துக்கொண்டார். அதை நான் யோசிக்கவே இல்லை.

யூஐடி வேலை முடிந்தது, விவரமாக அப்புறம் எழுதுகிறேன். லக்ஸில் யார் யாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று பார்க்க முடியுமா?

தேரடி | செவ்வாய், காலை 9:40

"கிரிப்ட்செட்டப் லக்ஸ்டம்ப்" கொடுங்கள். லக்ஸ்1 ஆக இருந்தால் எட்டு ஸ்லாட் (ஒரு பாஸ்வேர்டுக்கான இடம்), லக்ஸ்2 என்றால் 32 வரை. எந்தெந்த ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஆனால் எந்த ஸ்லாட் எந்த ஆளுக்கு என்று சொல்லாது, லக்ஸுக்கு ஆள் பெயர் கிடையாது. அந்தப் பட்டியலை நாம்தான் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை எல்லாரும் பகிர்வதை விட ஆளுக்கொரு ஸ்லாட் கொடுப்பது இதற்காகத்தான். ஒருவர் போனால் அவருடைய ஸ்லாட்டை மட்டும் எடுக்கலாம்.

உங்கள் பாஸ்வேர்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று அறிய, கிரிப்ட்செட்டப் ஓப்பனோடு "டெஸ்ட்-பாஸ்ஃபிரேஸ்" என்பதையும் மைனஸ் வி என்பதையும் சேருங்கள். டிஸ்கைத் திறக்காமல் இந்த எண் ஸ்லாட் பொருந்தியது என்று மட்டும் சொல்லும். உங்களுடையதும் ஐயாவுடையதும் எவை என்று தெரிந்த பிறகு மிச்சத்தை "லக்ஸ்கில்ஸ்லாட்" கொண்டு எடுங்கள். தெரிவதற்கு முன் எதையும் எடுக்காதீர்கள்.

எடுத்து முடிந்ததும் "லக்ஸ்ஹெடர்பேக்கப்" கொடுத்து ஹெடரை (ஸ்லாட்டுகள் இருக்கும் டிஸ்கின் தொடக்கப் பகுதி) வேறு இடத்தில் நகல் எடுங்கள். லக்ஸ்2இல் அது சுமார் 16 எம்பி கோப்பு. ஹெடர் கெட்டால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. 4 டிபியும் குப்பை. நான் ஒரு தடவை தவறான டிஸ்கில் பார்ட்டிஷன் போட்டு ஹெடரின் மேல் எழுதிவிட்டேன். நகல் இருந்ததால் அந்த இரவு தூங்கினேன்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்லாட்டை எடுப்பதற்கு முன் எடுத்த பழைய ஹெடர் நகல் எங்கேயாவது இருந்தால், அதற்குள் விலகியவரின் ஸ்லாட் உயிரோடு இருக்கும். அந்த நகலும் பழைய பாஸ்வேர்டும் சேர்ந்தால் டிஸ்க் திறக்கும். பழைய நகல்களைத் தேடி அழியுங்கள். அவரிடமே ஒரு நகல் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், "கிரிப்ட்செட்டப் ரீஎன்கிரிப்ட்" கொடுத்து முதன்மைச் சாவியையே மாற்றுவதுதான் வழி. 4 டிபிக்கு நிறைய நேரம் எடுக்கும், நல்ல பேக்கப்பும் யூபிஎஸ்ஸும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

வைகைமணல் | செவ்வாய், காலை 10:10

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்கலாமா? மறக்காது, யாரும் ஊகிக்கவும் மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கருந்திரை | செவ்வாய், காலை 11:25

எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஆனால் வேண்டாம். கிரிப்ட்செட்டப் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. "கொடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைட்டுகள் வேறு. ஒரு கீபோர்டு முதல் வகையைத் தரும், வேறு ஒன்று இரண்டாம் வகையைத் தரலாம். சரியான பாஸ்வேர்டைத் தட்டியும் டிஸ்க் திறக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். பூட் ஆகும்போது கேட்கிற இடத்தில் தமிழ்99 கீபோர்டு இருக்காது என்பது தனி. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் நாலைந்து சேர்த்து நீளமாக வையுங்கள், அது போதும்.

காவிரிக்கரை | செவ்வாய், மாலை 6:50

முழு விவரம்.

காலை 6 மணிக்குப் போனேன். டிஸ்கைத் திறக்காமலே முதலில் கணக்குகளை மாற்றினேன். தம்பியை 1005க்கு நகர்த்தும்போது யூசர்மாட் மறுத்தது. அவர் நேற்று லாக்-அவுட் செய்யாமல் போயிருந்தார், அவர் பெயரில் ஒரு பிராசஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகு சரியானது. அக்காவை 1002க்குக் கொண்டுவந்தேன், ஹோமில் குரூப்பையும் மாற்றினேன். 1003க்கு லாகின் இல்லாத கணக்கு ஒன்றை உருவாக்கினேன்.

பிறகு டிஸ்கை மவுண்ட் செய்து, ஒவ்வொருவர் பெயரிலும் சூடோ மைனஸ் யூ போட்டு மற்றவர்களின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஐந்து பேர் பெயரிலும், ஒவ்வொரு ஃபோல்டராக. ரூட்டாக இருந்து பார்த்தால் எல்லாம் திறக்கும், அதனால்தான் முதல் நாள் எனக்குத் தெரியாமல் போனது. இந்தத் தடவை எங்கே மறுக்க வேண்டுமோ அங்கெல்லாம் மறுத்தது. "ஃபைண்ட் மைனஸ் நோயூசர்" கொடுத்ததில் எதுவும் வரவில்லை.

லக்ஸ்டம்பில் மூன்று ஸ்லாட். 0 ஐயாவுடையது, 2 என்னுடையது. 1 எங்கள் இருவருடையதும் அல்ல என்று இருவர் பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டு அதை எடுத்துவிட்டேன். புது ஹெடர் நகல் ஒரு பென் டிரைவில், ஐயாவின் இரும்பு பீரோவில் இருக்கிறது. ஈடிசியின் பாஸ்வேர்டு, குரூப் கோப்புகளையும் அதோடு சேர்த்து வைத்தேன். பழைய சர்வரில் அது இருந்திருந்தால் நேற்று ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து ஆள் தேடியிருக்க வேண்டாம்.

அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவருடைய ஃபோல்டர் ஒரு நாள் வேறொருவருக்குத் திறந்திருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. தம்பி என்னைக் கேட்டதையும் சொன்னேன். அக்கா மதியம் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிட்டார்.

தேரடி, ரீஎன்கிரிப்ட் பற்றி ஐயாவிடம் பேசினேன். பேக்கப் டிஸ்க் வெள்ளிக்கிழமை வருகிறது, அன்று இரவு தொடங்கலாம் என்கிறார். யூபிஎஸ் பேட்டரி இப்போது 20 நிமிடம்தான் தாங்குகிறது. நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

தேரடி | செவ்வாய், இரவு 7:30

லக்ஸ்2 என்றால் எங்கே நின்றது என்று ஹெடரிலேயே குறித்துக்கொள்ளும், அடுத்த தடவை அதே கட்டளை கொடுத்தால் அங்கிருந்து தொடரும். லக்ஸ்டம்பில் முதல் சில வரிகளில் வெர்ஷன் என்று இருக்கும், அதில் 2 என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியே இருந்தாலும் பேட்டரியை மாற்றிவிட்டே தொடங்குங்கள்.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 7:42

வெர்ஷன் 2 என்றுதான் இருக்கிறது. பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.